காலி அறைகள்

போந்தி டி சோரில் ஜூன் வெயில்
காலை ஏழுக்கே கழுத்தைப் பிடிக்கிறது.
பெல்மீரு கோடரியால் அடிமரத்தில் ஒரு கோடு இழுத்து
பிடியை மெல்லத் திருகுகிறான்.
ஈரத்தில் ஊதிய கதவு திறப்பதுபோல் ஓர் ஒலி.
ஒன்பது வருடம் தடித்த தக்கை
ஒரே உடுப்பாகக் கழன்று வருகிறது.
மரம் சதை நிறத்தில் நிற்கிறது, கூசாமல்.
அதன்மேல் வெள்ளைச் சாயத்தில் 5 என்று எழுதுகிறார்கள்.
அடுத்த உரிப்பு முப்பத்து நாலில்.

அவன் தங்கை தெயோலிந்தா
அடைப்பான் ஆலையின் பின்னறையில்
அதே தக்கையைச் சவரக் கத்தியால் சீவுகிறாள்,
வெளிச்சம் ஊடுருவும் மெலிவுக்கு.
நுண்ணோக்கியில் அறைகள். அறைகள்.
இப்படிப் பார்த்தால் தேனடை,
திருப்பிப் போட்டால் செங்கல் சுவர்.
சுண்டுவிரல் நுனியளவு துண்டில் நாலு கோடி;
அத்தனையிலும் காற்று மட்டும் குடித்தனம்.

மூன்றரை நூற்றாண்டுக்கு முன்
வேறொரு நாட்டில் தக்கையைச் சீவிப் பார்த்தவர்
'சிற்றறை' என்று பெயர் வைத்தார்.
ஆள் போன வீட்டைப் பார்த்து வைத்த பெயர்,
ஆளுக்கே ஒட்டிக்கொண்டது.

அது தமிழுக்குள் வந்து இறங்கியபோது
இங்கே அந்த நாற்காலியில்
ஏற்கெனவே மூன்று பேர்.
செல் என்றால் கரையான்.
செல் என்றால் போ.
பழைய பாட்டில் செல் என்றால் மேகம்.
அரிக்கும், நகரும், நீர் சுமக்கும்:
உயிரைப் பற்றி
நம் சொல்லுக்கு முன்பே ஏதோ துப்பு கிடைத்திருக்கிறது.

"காலி வீடு எண்ணவா உனக்குச் சம்பளம்?"
மதியம் ரொட்டியும் வெங்காயமுமாக வந்த பெல்மீரு கேட்டான்.
அவள் பதில் சொல்லவில்லை.
அவன் வெங்காயத்தில் ஓர் இதழை உடைத்து
உட்புறச் சவ்வை உரித்து
அயோடின் ஒரு சொட்டு விட்டாள்.
"பார்."
அறைகள்தான். ஆனால் ஒவ்வொன்றிலும்
சுவரோரம் ஒரு புள்ளி,
விளக்கணைக்காமல் உட்கார்ந்திருக்கும்
கணக்குப்பிள்ளை மாதிரி.

"வாயைத் திற."
பல்குச்சியால் கன்னத்தின் உள்ளே ஒரு வழிப்பு,
ஒரு துளி நீலம்.
இந்த முறை சுவரே இல்லை.
மடிந்த துணிகள்போல் மெல்லிய ஏதோ,
நடுவில் அதே புள்ளி.
"இது யார்?"
"நீ."
"முழுக்க இப்படியா?"
"முழுக்க. கல்லீரல், கண், கட்டு போட்ட அந்தக் கட்டைவிரல்,
இப்போது நீ கேட்கும் கேள்வி..."
அங்கே நிறுத்திக்கொண்டாள்.
"கேள்வி எப்படி என்று மட்டும் எனக்குத் தெரியாது."

கழுதைத் தொட்டித் தண்ணீரிலும் ஒரு துளி பார்த்தார்கள்.
செருப்புத் தடம் போல ஒன்று
உடல் முழுக்க மயிர் துடிக்க
ஓடியது, முட்டியது, பின்வாங்கி வேறு பக்கம் ஓடியது.
"பாவம், தனியாக இருக்கிறதே."
"தனியாக இல்லை. அவ்வளவுதான் அது. ஓர் அறை, முழு ஆள்."

அவன் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை.
பிறகு, வேறெங்கோ பார்த்தபடி:
"அப்படியானால் தக்கையில் இருந்தவர்கள்?"

பட்டைக்கு உள்ளே, நகத்தைவிட மெல்லிய ஓர் அடுக்கு.
அங்கே ஒன்று இரண்டாகும்.
வெளியே தள்ளப்பட்டது சுவர் எழுப்பி,
சுவருக்கு மெழுகு பூசி,
தானே காலியாகிவிடும்.
அந்தச் சாவுகளைத்தான் மரம்
வெயிலுக்கும் தீக்கும் போர்த்திக்கொள்கிறது.
கோடரி ஒரு மயிரிழை ஆழம் போனால்
செத்துப்போவது அந்த அடுக்கு.

அவனுக்குப் பத்தொன்பது வயதில்
ஓடைக்கரை மரம் ஒன்றில் கோடரி வழுக்கியது.
இன்றும் அந்த இடத்தில் தக்கை சரியாக ஏறவில்லை.
அதை அவன் சொல்லவில்லை.
ரொட்டியை முடிக்காமல் எழுந்து போனான்.

திங்கட்கிழமை அவள் மேசைமேல் ஒரு தீப்பெட்டி.
உள்ளே அவன் உள்ளங்கைக் காய்ப்பில் உரித்த
மஞ்சள் தோல், நகத்தளவு.
தாளில் ஒரு வரி: 'இதுவும் காலிதானே?'

சீவினாள். பார்த்தாள்.
அடுக்கடுக்காகத் தட்டைச் செதில்கள்,
எதிலும் புள்ளி இல்லை.
பதிவேட்டில் புதிதாக ஒரு மாதிரி எண் போட்டு
'குறைபாடு' என்ற கட்டத்தில் எழுதினாள்:
ஒன்றுமில்லை.